இன்பமேரி விட்டுச்சென்ற கனத்த நாதம்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! மகள் இன்பமேரியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உபகாரசாமி ஐயா அவர்களே! ஒலியமைப்புத் தொழில் செய்யும் தோழர்களே! இசைக்குழு நண்பர்களே! கைகூப்புகிறேன்.

நான் அறிவழகன், டிரம்ஸ் வாசிப்பவன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் நானும் பேஸ் கிட்டார் கலைஞர் இன்பமேரி அவர்களும் சேர்ந்து ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினோம். வாசலில் ‘டப் இசை’ என்று பலகை மாட்டினோம். டப்பிங் என்று நினைத்து, சினிமாவில் குரல் கொடுக்க வாய்ப்புக் கேட்டு ஆட்கள் வந்தார்கள்! இன்பமேரி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. உட்கார வைத்துச் சொல்வார்: “இது வேறங்க. ஜமைக்காவுல பொறந்தது. பாட்டை எடுத்துட்டு டிரம்ஸையும் பேஸையும் முன்னால வைக்கிறது. மத்ததெல்லாம் எதிரொலியா வந்து வந்து மறையும்.”

அந்த பேஸ் ஒலியை அவர் எப்படி உருவாக்கினார் தெரியுமா? தேய்ந்த பழைய கம்பிகளை மாற்ற விடமாட்டார். கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகுவார். கட்டைவிரலால் மட்டும் வாசிப்பார். கிட்டாரிலிருந்து நேராக ஒரு பதிவு; ஸ்பீக்கர் முன் மைக் வைத்து இன்னொரு பதிவு. இரண்டு பதிவும் நேரத்தில் மயிரிழை விலகினாலும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று, சேர்த்துச் சரிபார்க்காமல் எழுந்திருக்கமாட்டார்.

ஒருநாள் கனம் போதவில்லை என்று நான் பேஸைக் கூட்டப்போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“கூட்டாத அறிவு. கீபோர்டுல அடியில வர்ற கனத்த சத்தத்தைக் கொற. எடம் உட்டாத்தான அது உக்காரும்?”

குறைத்தேன். பேஸ் நெஞ்சுக்குள் வந்து இறங்கியது.

இப்படிப்பட்டவரை எப்படி இழந்தோம்? சொல்லியாக வேண்டும் தோழர்களே!

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு திருவிழா மேடையில் எங்கள் குழுவின் கச்சேரி. மாலை மழை விட்டிருந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோன பாடகர் நவீன்குமாருக்கு உதட்டில் ஷாக் அடித்தது. உடனே இன்பமேரி எல்லோரையும் மேடையிலிருந்து இறக்கினார்.

“எர்த் இல்லீங்க. மண்ணுல கம்பி பதிச்சாத்தான் பாடுவோம்.”

“ரெண்டு பாட்டு பாடிப்போட்டு அப்புறம் பாருங்களேம்மா. கூட்டம் கத்துதுங்க!” என்றார் விழாக்குழுக்காரர்.

“கத்தட்டுங்க. உசுரு போனா யாருங்க தருவா?”

ஜெனரேட்டரை அவரே நின்று அணைக்கச் சொன்னார். நான் வெளியே ஈர மண்ணில் எர்த் கம்பியை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் மேடையில் குனிந்து மறுமுனையை இணைத்துக்கொண்டிருந்தார். ஒருவர், கூட்டத்துக்குப் பயந்து, ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். மின்சாரம் இன்பமேரி மேல் பாய்ந்தது.

வழக்கு நடக்கிறது, பெயர் சொல்லமாட்டேன். ஆனால் கேட்கிறேன்: கேட்டது என்ன பொன்னா, பொருளா? ஒரு கம்பி! கொஞ்ச நேரம்! அதைக்கூடக் கொடுக்க முடியாத அவசரம் எதற்கு? அவரை அடக்கம் செய்த மறுநாளே அந்தப் பக்கம் இன்னொரு மேடையில் பாட்டு நடந்தது. அங்கே எர்த் இருந்ததா என்று நம்மில் யாராவது பார்த்தோமா?

இங்கே உறுதி கூறுகிறேன். எர்த் சோதிக்காத மேடையில் எங்கள் குழு ஏறாது. ஜெனரேட்டர் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் நிற்காமல் எந்த ஒயரையும் தொடமாட்டோம். ஒலியமைப்பாளர் தோழர்களே, இதில் தொழில் போட்டி வேண்டாம். நாங்கள் மறுத்த மேடையை நீங்கள் ஏற்காதீர்கள்!

இன்பமேரி வாசித்து முடித்த பதிவுகள் இருக்கின்றன, மற்ற ஒலிகளோடு அவற்றைச் சேர்க்கும் கலவை வேலை முடியவில்லை. நேற்று உபகாரசாமி ஐயா எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். “தம்பி, மத்த சத்தமெல்லாம் வேண்டாம். எம்புள்ள வாசிச்சது மட்டும் போடுறியா?” என்றார். போட்டேன். தரை அதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தாங்கமாட்டார் என்று பயந்து நான் நிறுத்தும் விசையை நோக்கிக் கை நீட்டினேன்.

“நிறுத்தீராத தம்பி” என்றார்.

ஐயா, நிறுத்தமாட்டோம்.