பிடுங்காத பல்

கடைவாய்ப் பல் பிடுங்க எனக்கு அதிக நேரம் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. சைபுதீன் டாக்டர் கை வைத்தால் வலிக்காது என்று செஞ்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரைஸ்மில் தாண்டவராயன் பல்லை மட்டும் நான் பிடுங்கவே இல்லை.

எண்பத்து மூன்றில் என் மனைவி ஹபீபாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. பட்டப்பகல். தாண்டவராயனின் கார் மில் வாசலில் சும்மா நின்றது. போய்க் கேட்டேன்.

"புது சீட்டு பாய். கறை பட்டா போவாது. பஸ்ல இட்டுனு போயேன்" என்றார்.

திண்டிவனம் போய்ச் சேருமுன் பஸ்ஸிலேயே ஹபீபா இறந்துபோனாள்.

இந்த வருடம் அவரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். மெட்ராஸில் அவர் இதயத்துக்கு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் மாத்திரை.

இப்படிப்பட்டவர்களுக்கும் மாத்திரையை நிறுத்தாமலே பல் எடுக்கலாம். ரத்தத்தைப் பரிசோதித்து, எடுத்த இடத்தில் தையல் போட்டு, பஞ்சை அழுத்தி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

"மாத்திரைய நிறுத்திடுங்கண்ணே. இல்லன்னா ரத்தம் நிக்காது. மெட்ராஸ் டாக்டரையும் கேட்டுட்டேன்" என்றேன். நான் யாரையும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வந்தார். ரத்தம் இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது, மாத்திரையைத் தொடவேண்டாம் என்று வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பினேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

"இன்னா பாய், பல்லு தானா உழட்டும்னு காத்துனு இருக்கியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் மனைவி தனகோட்டிக்கு என் ஜாக்கிரதை பிடித்துப்போயிற்று. பல்வலியோடு பக்கத்தில் காத்திருந்த அருளம்மாளும் அதே மாதிரி வால்வு வைத்தவள். சின்ன வயசு. அவளிடம், "நீயும் மாத்திரைய நிறுத்திட்டு வாம்மா. டாக்டரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் தனகோட்டி. அருளம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டாமென்று சொல்லியிருந்தால் தாண்டவராயன் உஷாராகியிருப்பார். அவள் எழுந்து போய்விட்டாள்.

மில்லில் மூட்டை எடை போடும்போது தாண்டவராயனுக்கு வாய் கோணியது. வால்வில் கட்டிய ரத்தம் மூளைக்குப் போய்விட்டது. மறுநாள் போய்ச் சேர்ந்தார். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அவரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நீங்கள் என்னைக் கூப்பிட்டது மாத்திரையை நிறுத்திச் செத்துப்போன அருளம்மாளுக்காக. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஐயா. தாண்டவராயனைப் போல ஈவிரக்கமில்லாதவன் அல்ல நான். அந்தப் பெண்ணை நான் ஒன்றுமே செய்யவில்லை.