யூஜின் இருக்கட்டுமா, போகட்டுமா

மணியம்மாள் கடையில் மிளகாய் பஜ்ஜி ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக இருக்கும். அதற்கு முன்னால் எண்ணெய் சரியாகக் காய்ந்திருக்காது. என் ஆங்கில மாலை வகுப்பு ஏழு மணிக்கு முடியும். பெரிய வாய்க்கால் ஓரமாக நடந்தால் பன்னிரண்டு நிமிடத்தில் கடை வந்துவிடும். இந்தப் பொருத்தம் தானாக அமைந்தது. இதில் நான் எதையும் திட்டமிடவில்லை. மற்றவற்றைத் திட்டமிட்டேன்.

கால்பந்து கிளப் கமிட்டி என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். கொடுத்த பிறகு, முக்கியமானதை விட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. எனக்கு எதிலும் அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவன் நான். அதனால் இந்த நோட்டில் முழுவதையும் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

என் பெயர் தெய்வநாயகம். வயது இருபத்திரண்டு. அரசாங்க அலுவலகத்தில் நகல் எழுதுகிற வேலை. பிரெஞ்சுக்காரர்கள் போய் நான்கு வருஷம் ஆகிறது. கோப்புகளெல்லாம் ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. பெரியவர்களுக்குப் பிரெஞ்சு தெரியும், ஆங்கிலம் தெரியாது. எனக்கு இரண்டுமே அரைகுறை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். தினமும் குறிப்பு எழுதும்படி ஆசிரியர் சொல்லியிருந்தார். எழுத எனக்கு வாழ்க்கையில் ஒன்றும் இல்லாததால், சொலேய் கிளப் ஆடிய ஆட்டங்களை எழுதினேன். யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டார், மழை பெய்ததா, கோல்கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தார், எல்லாம்.

சொலேய் கிளப்பின் ரசிகர்கள் பதினாறு பேர் மணியம்மாள் கடையில்தான் கூடுவார்கள். எட்டு மாதம் நான் அங்கே ஓரமாக நின்றபடியே பஜ்ஜி தின்றிருக்கிறேன். யாருக்கும் என் பெயர் தெரியாது. பிறகு கிளப் தோற்க ஆரம்பித்தது.

"ஏழு ஆட்டம், ஏழு தோல்வி," என்றார் சைக்கிள் கடை இராமதாஸ். "சொலேய்னா சூரியன்னு அர்த்தமாம். நம்ம சூரியனுக்கு உதிக்கிற பழக்கமே இல்ல, அஸ்தமனம் மட்டும்தான். இந்த யூஜின அனுப்பிட்டு வேற கோச்ச போடுங்கய்யா."

"யூஜினு இன்னா பண்ணுவாரு? அவரா பந்த ஒதைக்கிறாரு?" என்றார் மணியம்மாள், கரண்டியை எண்ணெயிலிருந்து எடுக்காமலே. "நீ கூடத்தான் என் மருமவன் சைக்கிள ரிப்பேரு பண்ணே. அது வாய்க்கால்ல போயி படுத்துக்கிச்சு. உன்ன யாராவது ஊர விட்டு அனுப்புனாங்களா?"

"அது பிரேக்கு, மணியக்கா. பிரேக்கு வேற, கோச்சு வேற."

"ரெண்டும் நிக்க வேண்டிய எடத்துல நிக்கணும். அவ்ளோதான்."

கடலூர் ஆட்டத்தில் முதல் கோல் யார் விட்டது என்று அன்று ஒரு தகராறு. என் வாயிலிருந்து தானாக வந்தது: "பதினொன்றாவது நிமிஷம். இடது பக்கம். வெயில் கோல்கீப்பர் கண்ணில் பட்டது."

பதினாறு பேரும் திரும்பினார்கள். "எழுதி வச்சிருக்கியா?" என்றார் இராமதாஸ். நோட்டைக் காட்டினேன். பெஞ்சில் இரண்டு பேர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். அந்த இடம் எவ்வளவு அகலம் என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

அதன் பிறகு நான் இல்லாமல் விவாதம் தொடங்காது. "தெய்வநாயகம் வரட்டும், நோட்ட பாத்துக்கலாம்," என்பார்கள். யூஜின் இருக்கட்டும் என்பவர்கள், போகட்டும் என்பவர்கள், இரண்டு கணக்கும் தினமும் நான்தான் எழுதுவேன். கிளப் செயலாளர் சூசையும் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "நீங்க பதினாறு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் நான் கமிட்டியில வைக்கிறேன். சும்மா ஆளுக்கு ஒண்ணு சொல்லாதீங்க."

சித்திரையில் கிளப் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டது. வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள், அண்ணன் காசிலிங்கமும் தம்பி முத்துவும், முன்வரிசையில் ஆடினால் யாராலும் தடுக்க முடியாது. எல்லோரும் சந்தோஷமாகப் பஜ்ஜி வாங்கிக்கொண்டு நேரத்தோடு வீட்டுக்குப் போனார்கள். நான்கு நாள் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் என் இடத்தில் ஒருவர் குடையை வைத்திருந்தார்.

வெளியூர்க் குழுக்களின் கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் வரும். அவற்றைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் அப்போதே என் வேலையாகிவிட்டிருந்தது. விருத்தாசலத்திலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு தேதி கொடுத்திருந்தார்கள், ஒன்று ஆனியில், ஒன்று ஆடியில். ஆடியில் வீராம்பட்டினத்து அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். விருத்தாசலம் போனால் தங்காமல் திரும்ப முடியாது. சூசையிடம் ஆடித் தேதியை மட்டும் படித்துச் சொன்னேன். அண்ணனும் தம்பியும் வரவில்லை. ஐந்துக்குப் பூஜ்யம்.

மறுநாள் மணியம்மாள் கடையில் மாவு தீர்ந்துபோய், இன்னொரு தரம் கரைத்தார்கள். அவ்வளவு நல்ல விவாதம்.

ஒரேயடியாகத் தோற்றுக்கொண்டிருந்தாலும் ஆபத்துதான். ஆவணியில் ஒரு நாள் என் கணக்கு, போகட்டும் என்பவர்கள் பதின்மூன்று, இருக்கட்டும் என்பவர்கள் மூன்று என்று வந்தது. இன்னும் மூன்று பேர் அந்தப் பக்கம் போனால் யூஜினை அனுப்பிவிடுவார்கள். பேச ஒன்றும் இருக்காது. அன்றிரவே ஒரு பாங்குக் குமாஸ்தாக்கள் குழுவுக்கு, எங்களோடு ஆட வரும்படி அன்பாக ஒரு கடிதம் எழுதினேன். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஆடினார்கள். நாங்கள் ஆறு கோல் போட்டோம். "பாத்தீங்களா, யூஜினு மூளைய!" என்றார் மணியம்மாள். கணக்கு எட்டுக்கு எட்டு. என் நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதன் பிறகு அதை விட்டு அதிகம் நகராமல் பார்த்துக்கொண்டேன். வெற்றி தேவைப்பட்டால் பலவீனமான குழுவோடு ஒரு தேதி, தோல்வி தேவைப்பட்டால் மீன் பாடு நன்றாக இருக்கும் பருவத்தில் ஒரு தேதி. பாடு நன்றாக இருந்தால் அண்ணன் தம்பி கடலை விட்டு வர மாட்டார்கள்.

யூஜினைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பத்தாறு வயது. பிரெஞ்சுக் காலத்தில் இதே கிளப்புக்கு ஆடியவர், அதனால் ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசியே என்றுதான் கூப்பிடுவேன். மைதானத்துக்குப் பின்னால் கிளப் கொடுத்த அறையில் தனியாக இருந்தார். மனைவி இருதயமேரி மதராஸில் மகள் லூர்துசெல்வி வீட்டுக்குப் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போனவர், அங்கேயே படுக்கையில் விழுந்துவிட்டார்.

"போயி கூட இருக்கலாம்தான், தம்பி," என்றார் யூஜின் ஒரு நாள் என்னிடம். "மருமவன் வூட்ல வெறுங்கையோட போயி எப்படி ஒக்கார்றது? அங்க ஒரு மில்லுல டீமு வச்சிருக்காங்களாம். கோச்சு வேலைக்கு எனக்கோசரம் ஒரு கடுதாசி இங்கிலீஷ்ல எழுதிப் போடேன்."

எழுதினேன். தபாலிலும் போட்டேன், இதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். என் ஆங்கிலத்தை நம்பி யாராவது யாருக்காவது வேலை கொடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஐப்பசியில் பதில் வந்தது. வேலை உண்டு, குடியிருக்க வீடும் உண்டு, உடனே வரலாம் என்று எழுதியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. என் ஆங்கிலம் வேலை செய்திருந்தது.

யூஜின் அறை வாசலில் நின்றுகொண்டு, "இன்னா தம்பி போட்டிருக்காங்க?" என்றார்.

அன்றைய கணக்கு எட்டுக்கு எட்டு. அவர் போய்விட்டால் எதைப் பற்றி யார் பேசுவார்கள்?

"இடம் இல்லையாம், முசியே," என்றேன்.

"பரவால்ல. பதில் போட்டாங்களே, மரியாத தெரிஞ்சவங்க," என்றார். எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

பதில் எழுதாமல் விட்டால் அவர்கள் மறுபடி எழுதக்கூடும். அதனால் அவர் பெயரில் நானே எழுதினேன். புதுச்சேரியில் என்னை நேசிக்கிறவர்கள் என்னை விடமாட்டேன் என்கிறார்கள், ஆகவே மன்னிக்கவும் என்று. நான்கு தரம் திருத்தினேன். அதைவிட நல்ல கடிதம் இதுவரை நான் எழுதியதில்லை. எந்தக் கடிதத்துக்கும் நகல் வைக்க வேண்டும் என்பது ஆசிரியரின் விதி, வைத்தேன்.

மார்கழியில் இருதயமேரி அம்மாள் இறந்துபோனார். யூஜின் கடைசி இரண்டு நாள் கூட இருந்தாராம். அந்த மட்டில் நல்லது. இதை அந்தக் கடிதத்தோடு சேர்த்துப் பார்ப்பது சரியாகாது என்று நினைக்கிறேன். நோயாளிகள் எங்கேயும் இறக்கிறார்கள். அவர் இல்லாத பத்து நாளும் கடையில் யூஜின் இருக்கட்டும் என்று பதினாறு பேரும் சொன்னார்கள். இரக்கத்தால் வந்த கணக்கை நான் நோட்டில் சேர்க்கவில்லை.

தையில் அந்த மில் குழு எங்களோடு ஆடப் புதுச்சேரிக்கே வந்தது. வேறு யாரோ பேசி ஏற்பாடு செய்துவிட்டார்கள். அப்போதும் நான் பயப்படவில்லை. அவர்களுடைய மேலாளர் ஆங்கிலத்தில் எழுதுகிறவர். யூஜினுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான்தான் நிற்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் வண்டியை விட்டு இறங்கியதும், "யூஜின் யாருங்க? நாங்க கூப்பிட்டும் வரமாட்டேன்னுட்டீங்களே!" என்றார், சுத்தமான தமிழில். காகிதத்தில் மட்டும்தான் அவர் ஆங்கிலம். வாயில் காஞ்சிபுரம். இவ்வளவு முறையாக யோசிக்கிறவனுக்கு இது தோன்றவில்லை.

"உங்க கடுதாசிய எங்க ஆபீசுல எல்லாருக்கும் படிச்சிக் காட்டுனேன்," என்றார் அவர். "அப்புறம் வேற ஆள போட்டுட்டோம்."

யூஜின் கத்தவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார். நகல் இருக்கிறதா என்று கேட்டார். படிக்கச் சொன்னார். தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். என்னை நேசிக்கிறவர்கள் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது நெசமா, தம்பி?"

"பாதிப் பேர், முசியே," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவர் வெகு நேரம் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேலாளர் சொன்னதை மற்றவர்களும் கேட்டிருந்தார்கள், கமிட்டி விளக்கம் கேட்டது அதனால்தான். இப்போது கடையில் யூஜினைப் பற்றிப் பேச்சே இல்லை. என்னைப் பற்றித்தான். கடிதம் எழுதுகிற வேலையில் நான் இருக்கட்டுமா, போகட்டுமா என்று.

"கைய முறிக்கணும் இவனுக்கு," என்றார் இராமதாஸ், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

"முறிச்சிட்டு? நாளைக்கு வர்ற கடுதாசிய நீ படிப்பியா? உனக்குச் சைக்கிள் பேரே படிக்கத் தெரியாது," என்றார் மணியம்மாள். ஆனால் எனக்குப் பஜ்ஜி வைக்கவில்லை.

யூஜின் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "சின்னப் பையன்யா. ஒரு மனுசன் பொழப்ப அவசரத்துல முடிவு கட்டாதீங்க," என்றார். அவர் சொன்ன பிறகுதான் ஐந்து பேர் என் பக்கம் வந்தார்கள். போகட்டும் என்பவர்கள் ஒன்பது, இருக்கட்டும் என்பவர்கள் ஏழு. எட்டு நாளாக யாரும் ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்து போகவில்லை. ஒவ்வொருவரும் என் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

முடிவு வரும்வரை கடிதங்கள் என்னிடம்தான் வருகின்றன. வேறு ஆள் இல்லை. இன்று காலை சூசை மூன்று கொண்டுவந்தார். "இந்த தபா ஒழுங்கா படி," என்று சொல்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாவது, பந்து விற்கிற கடையின் விலைப்பட்டியல். இரண்டாவது, கடலூர் ஆட்டத் தேதி, சரியாகவே சொன்னேன். மூன்றாவது, அந்த மதராஸ் மேலாளர் எழுதியது. நடந்ததைக் கேள்விப்பட்டு மனம் கேட்காமல், திருச்சியில் ஒரு மில்லில் பேசி யூஜினுக்கு இடம் வாங்கியிருக்கிறார். மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்கிறார்.

அதுவும் விலைப்பட்டியல்தான் என்றேன்.

யூஜின் திருச்சிக்குப் போய்விட்டால் அந்த ஐந்து பேரும் இராமதாஸ் பக்கம் போய்விடுவார்கள். கடிதத்தை அவரிடம் கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. விவாதம் ஒரு நிலைக்கு வந்ததும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு மனிதனின் பிழைப்பை அவசரத்தில் முடிவு கட்டக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் விஷயத்தில் நானும் அவசரப்படப் போவதில்லை.