ஏழு குறைகளும் முப்பத்தொரு பாராட்டும்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், விழாது. ஒரு கால் மூன்று மில்லிமீட்டர் குட்டை. அளந்து வைத்திருக்கிறேன், சரிசெய்யத்தான் நேரம் அமையவில்லை. ஜானகி காபி போடுகிறாள். வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கதவைத் திறந்ததும் "நான் புகழேந்தி, 'கிரைண்டர் 2090' டைரக்டர்" என்று சொல்லி, பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தீர்களே, அப்போதே புரிந்துவிட்டது. புகார். நான் மறுக்கப்போவதில்லை. உங்கள் முதல் படத்தைக் கொன்றது நான்தான்.

முப்பத்து நான்கு வருடம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். சிரிப்புக்கு விரோதி இல்லை. திருமணமான புதிதில் ஜானகியிடம் உராய்வு விசை பற்றி ஒரு நகைச்சுவை சொன்னேன். "அப்படியா" என்றாள். அதன் பிறகும் அவ்வப்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படியாக முப்பத்தொரு வருடம்.

அப்புறம்தான் உங்கள் படம் அடையாறில் வெளியானது. ஜானகியின் ஆசைக்காகப் போனோம். உங்கள் விஞ்ஞானி மாவரைக்கும் வெட் கிரைண்டரைக் கால இயந்திரமாக மாற்றுகிறார். எதிர்த்திசையில் சுற்றினால் கடந்த காலம். போகட்டும். வேற்றுக்கிரகத்தார் வந்து கதவை இடிக்கிறார்கள். உலகம் அழிய நான்கு நிமிடம் இருக்கிறது. அவரோ காபி டம்ளரில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு, "அறுபத்திரண்டு டிகிரிக்கு வரட்டும், வரேன்" என்கிறார்.

அந்த இடத்தில் ஜானகி சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை தம்பி. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். அப்படியொரு சத்தம் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. மின்தேக்கியின் இணைப்பை மாற்றாமல் கிரைண்டர் எதிர்த்திசையில் சுற்றாது என்று அவள் காதில் சொன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்தாள்.

மறுவாரம் எதிர்வீட்டு ஷாகிராவோடு போய் மறுபடியும் பார்த்தாள். அடுத்த வாரச் சனிக்கிழமைக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருப்பதாகத் தொலைபேசியில் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. மூன்றாவது முறை. ஒரு தவறான மோட்டாருக்காக.

நான் செய்தது பொதுநலன் கருதித்தான். முதலில் என் சொந்தப் பெயரில் படத்தின் ஏழு குறைகளை வரிசையிட்டு இணைய விமர்சனப் பக்கத்தில் எழுதினேன். "அங்கிள், இது காமெடி படம்" என்று ஒருவர். "சார், ஃபிசிக்ஸ் கிளாஸ் பக்கத்து ரூம்ல" என்று இன்னொருவர். ஒற்றை மனிதனின் கருத்தை யாரும் மதிப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பரணிலிருந்து பழைய மாணவர் வருகைப் பதிவேட்டை இறக்கினேன். ராகேஷ், யாசிர், நல்லசிவம் என்று பெயர்கள் தயாராக இருந்தன. ஒவ்வொருவர் பேரிலும் ஒரு கணக்கு தொடங்கி, அன்று ஆய்வுக்கூடத்தில் எப்படி நடந்துகொண்டார்களோ அந்த நடையிலேயே திட்டினேன். நல்லசிவம் பேரில் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டேன். அவன் எந்தச் சோதனையையும் முடித்ததில்லை.

விளைவு நேர்மாறாக அமைந்தது. மந்தைவெளி டீக்கடையில் என் பக்கத்தில் நின்ற இருவர் பேசிக்கொண்டார்கள்.

"மச்சி, அந்த கிரைண்டர் படம் செம மொக்கையாம்டா."

"அவ்ளோ மொக்கையா? அப்ப இன்னிக்கே போயிரலாம் வா."

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அரங்கு நிறைந்தது. பாதிப் பேர் ஆகா என்றார்கள், பாதிப் பேர் ஐயோ என்றார்கள். இரண்டு கட்சியும் டிக்கெட் எடுத்தது. சோதனை தோற்றால் பதறக் கூடாது, மாறியை மாற்ற வேண்டும். மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். திட்டுவதை நிறுத்திவிட்டுப் பாராட்டத் தொடங்கினேன்.

'அறிவியல் விழிப்புணர்வை ஊட்டும் அரிய படைப்பு' என்று ராகேஷ் எழுதினான். 'பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள், திரும்பி வந்து அவர்களோடு விவாதியுங்கள்' என்றான் யாசிர். 'இடைவேளைக்குப் பிறகு கைக்குட்டை தேவை' என்பது நல்லசிவம். இந்த முறை முழுதாக எழுதினான். மொத்தம் முப்பத்தொரு பாராட்டு. ஒன்றில்கூட ஒரு கடுஞ்சொல் கிடையாது.

புதன்கிழமை மாலைக் காட்சிக்கு ஒன்பது பேர். ஷாகிராவின் கணவர் ஷரஃபுதீன் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "சிரிப்புப் படம்னு நெனச்சேன் சார். அழுவ வைக்கிதாமே. நமக்கு வூட்ல அழுவறதுக்கே டைம் கெடைக்கல." படம் இறந்துகொண்டிருந்தது. வலி இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு இடையூறு வந்தது. வியாழக்கிழமை காலை 'ஜானகி, மந்தைவெளி' என்ற பெயரில் ஒரு விமர்சனம். 'வயிறு வலிக்கச் சிரிச்சேன். அந்த சயின்டிஸ்ட் வாயத் தொறந்தாலே சிரிப்பு' என்று தொடங்கியது. கீழே 'மேலும் படிக்க' என்றிருந்தது. நான் படிக்கவில்லை. மதியத்துக்குள் நானூறு பேர் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள். விட்டால் படம் பிழைத்துவிடும். முப்பத்தொரு கணக்கிலிருந்தும் அதைப் போலி விமர்சனம் என்று புகார் செய்தேன். ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே உண்மையான விமர்சனம் அதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கினார்கள். சனிக்கிழமை மதியம் ஜானகி செங்கல் நிறப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து, எனக்கும் ஒரு சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டாள். அது எதற்கென்று நான் கேட்கவில்லை. பிறகு செல்பேசியைப் பார்த்தாள். "படத்த எடுத்துட்டாங்களாம்" என்றாள். "நல்லதுதான், அந்த மோட்டார் இணைப்பே தப்பு" என்றேன். உள்ளே போய்ப் பூவை எடுத்துவிட்டாள். இன்றோடு நான்கு நாள். எது கேட்டாலும் "ம்" என்கிறாள். முன்பாவது "அப்படியா" என்பாள்.

அவ்வளவுதான் தம்பி. கொடுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

என்ன சொல்கிறீர்கள்? புகார் இல்லையா?

இது ஜானகியின் விமர்சனம். நீக்குவதற்கு முன்பே நகல் எடுத்துவிட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் கடைசியாக ஒரு காட்சி போடுகிறீர்கள், அதற்கு இவளை அழைக்க வந்தீர்கள். என்னைத் தேடி வரவே இல்லை. முதலிலேயே சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, படிக்கிறேன்.

'...வாயத் தொறந்தாலே சிரிப்பு. அப்படியே எங்க வீட்டுக்காரர். அவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். திரையில அவரும் சிரிக்கல, இவரும் சிரிக்கல. ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தேன், தாங்க முடியல. ரெண்டாவது தடவ பக்கத்து சீட்ல இவர் இல்ல. படம் பாதிதான் நல்லா இருந்துது. அதனால சனிக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். அவர்கிட்ட இன்னும் சொல்லல.'

இதில் ஒரு பிழை இருக்கிறது தம்பி. உங்கள் விஞ்ஞானி கண்ணாடி போடுகிறார், நான் படிக்கும்போது மட்டும்தான் போடுவேன். அவர் பாதரசத் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார். என் சட்டைப் பையில் இருப்பது ஆல்கஹால் தெர்மாமீட்டர். எந்த ஒற்றுமையும் இல்லை. அந்தச் சட்டை இன்னும் நாற்காலியில்தான் கிடக்கிறது, அது வேறு விஷயம்.

ஜானகி, எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாய்?

"நீங்க ரிஜிஸ்டர இறக்கின கதையிலேர்ந்து. கைக்குட்ட வேணும்னு எழுதினது நீங்கதானா?"

டம்ளரை இப்படிக் கொடு. தம்பிக்கும் கொடு.

இதோ பாருங்கள், ஆரம்பித்துவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அதே சத்தம். நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? நீங்களே சாட்சி தம்பி, நான் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. காபியில் தெர்மாமீட்டரை வைத்தேன், எழுபத்தொரு டிகிரி இருந்தது. அறுபத்திரண்டுக்கு வரட்டும், ஞாயிற்றுக்கிழமை பற்றி அப்புறம் பேசலாம் என்றுதான் சொன்னேன்.