மேல்தட்டுல ஏத்தி வெச்ச புரோகிராம்

அட, இதென்ன நாயமுங்க தம்பி? அடகாக்கற மெஷினுக்குள்ள முட்ட வேகற அளவுக்குச் சூடு ஏறிக் கெடக்குது, மணி அடிக்கலீங்கறேன்! செவ்வாக்கெழம. சேல ஊக்கு உழுந்துருச்சுன்னு நான் தேடிக்கிட்டு உள்ள போனனோ, பொழச்சுது. இல்லீன்னா இருவதாயிரம் முட்டையும் குஞ்சு பொரிக்கறதுக்கு மிந்தியே... அய்யோ!

உக்காருங்க, உக்காருங்க. இத ரிப்பேர் பாக்கச் சேலத்துலருந்து பஸ்லயா வந்தீங்க? மோரு குடிக்கறீங்களா? வேண்டாங்களா? சரி, இந்தக் கம்ப்யூட்டர்தானுங்க. பாருங்க.

சூடு பாக்கறதுக்கு ஒரு புரோகிராம், மணியடிக்கறதுக்கு ஒரு புரோகிராம். அது பாத்து இதுகிட்டச் சொல்லோணும், இது அடிக்கோணும். அவ்வளவுதானுங்க சோலி! நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. எங்க மொதலாளி அர்த்தநாரி அண்ணன் இருக்காரே... எந்தச் சேவல எந்தக் கோழியோட சேக்கறோம்ங்கற ரகசியம் வெளிய போயிருச்சுன்னு கம்ப்யூட்டருக்குள்ளயே காவல் போட்டுட்டாருங்க. புரோகிராமுகள மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்தட்டுன்னு பிரிச்சு... கீழ இருக்கறது மேல இருக்கறதுகிட்டச் சேதி சொல்லலாமாம். மேல இருக்கறது கீழ வாயத் தொறக்கப்படாதாம், ரகசியம் ஒழுகிருமாம். கீழ இருக்கறது மேல எட்டியும் பாக்கப்படாதாம்! என்ற மாமியா ஊட்டுல இருவது வருசமா இதே சட்டந்தானுங்க. நான் பேசறதெல்லாம் அவுங்களுக்குக் கேக்கோணும், அவுங்க பேசிக்கறது ஒண்ணும் எனக்கு வராது. அதுக்குக் கம்ப்யூட்டரு வேறயாக்கும்!

சித்த இருங்க, சூட்டப் பாத்துட்டு வாரேன்...

தொண்ணூத்தொம்பது. பரவால்லீங்க. மூணு நாளா இதே பொழப்பு, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு ஓடறது. எல்லாம் அந்தக் குமரகுருவாலதானுங்க. எட்டு வருசமாப் பக்கத்துச் சீட்டு. நல்லவன்தான்... ஆனா சூடு பாக்கறதக் கொண்டுபோயி மேல்தட்டுல வெச்சிருக்கானே! மணி கெடக்குது கீழ்தட்டுல. அப்பறம் எப்படிங்க அது இதுகிட்டச் சொல்லும்? நேத்து போன்ல உங்க ஆபீசுக்காரங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அவன் சீட்டுல நடந்தது, அவந்தான் செஞ்சிருக்கோணும்னு மொதலாளிகிட்ட நாந்தான் சொன்னேன். அவரு இனி வரவேண்டாம்னுட்டாருங்க. பிள்ளைங்க ரெண்டும் படிக்குதுங்க, பாவந்தான். தப்புன்னா தப்புதானுங்களே?

என்னங்க, ஸ்கிரீன என்ற பக்கம் திருப்பறீங்க? இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். தட்டு மாத்துனது யாருன்னு போட்டிருக்குதுங்களா? க... கலைமணி.

நானுங்களா?

தேதி பன்னண்டு. பன்னண்டாந் தேதி குமரகுரு மோகனூருக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டான். அவன் சீட்டுல நாந்தான் என்ற பேரப் போட்டு உக்காந்து... அட, அதுவா! எந்தப் புரோகிராமுக்கு எந்தத் தட்டுன்னு ஸ்கிரீன்ல ஒரு கட்டம் வந்து கேட்டுச்சுங்க. நான் சீனியாரிட்டியாக்கும்னு நெனச்சுட்டேன் தம்பி! சூடு பாக்கறது பதனொரு வருசமா ஒழைக்குது. மணி போன ஆடிக்கு வந்தது. மூத்தவங்களக் கொண்டுபோயி கீழ உக்கார வெக்க மனசு வருங்களா? மரியாதைக்கு மேல ஏத்துனனுங்க...

சிரிக்காதீங்க. எறக்குங்க, கீழயே எறக்குங்க. ஆச்சுங்களா? சூடு பாக்கற கம்பிய இந்தச் சுடுதண்ணி டம்ளர்ல உட்டுப் பாக்கறேன்...

அடிக்குது! அடிக்குதுங்க!

மொதலாளிகிட்ட அப்பறமா... இல்லீங்க. மொதல்ல அவனக் கூப்படறேன். ரிங் போகுது.

அலோ, குமரகுரு? நான் கலைமணி. சாப்டியா சாமி?... ஒண்ணுமில்ல, சும்மாதான். அங்க மழையா?... ஏ இரு, வெச்சறாத. தம்பி, அந்த மணிய நிறுத்துங்க, நான் பேசறது எனக்கே கேக்கமாட்டீங்குது... குமரகுரு. நீ செய்யல சாமி. நாந்தான் செஞ்சேன். எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. தெரியாமயே உம்பேரச் சொல்லிப்போட்டேன்... மொதலாளிகிட்ட நானே போயிச் சொல்றேன். நீ நாளைக்கு வந்துரு.