இடது பக்கமே சாயுற பிளேன்

நீலாம்பாள்: ...களத்துல வெச்சாச்சு, இன்னும் என்ன தடவிக்கிட்டு இருக்கீங்க? பேட்டரிய மாட்டுங்களேன்.

இராஜாங்கம்: இரு, இரு. ரிமோட்ட மொதல்ல ஆன் பண்ணணும், அப்புறம்தான் பேட்டரி. பூவிழி போன்ல எத்தன தடவ சொன்னா...

நீலாம்பாள்: எம் பொண்ணு சொன்னது எனக்கா மறக்கும்? பேட்டரி மாட்டுனதும் பிளேன தொடக் கூடாது. றெக்கை ரெண்டு தடவ படபடங்குற வரைக்கும் ஆடாம அசையாம இருக்கணும். உள்ள இருக்குற ஜைரோ அந்த நேரத்துலதான் எது சமம்னு பாத்து மனசுல வெச்சுக்கும்.

இராஜாங்கம்: அடேங்கப்பா! அறுவதாம் கல்யாணப் பரிசுன்னு எனக்கு வாங்கி அனுப்புனாளா, உனக்கா?

நீலாம்பாள்: அனுப்புனது உங்களுக்கு. காது குடுத்துக் கேட்டது நானு.

இராஜாங்கம்: சரிதான்... அது என்ன, நாலு நாளா வலது றெக்கைப் பக்கமே வந்து குந்திக்கிறே?

நீலாம்பாள்: அந்தப் பக்கம் வெயிலு. மாட்டுங்க.

இராஜாங்கம்: மாட்டிட்டேன்... ஒண்ணு... ரெண்டு... ம், படபடத்துச்சு. டீய ஊத்து. குடிச்சிட்டு விடுறேன்.

நீலாம்பாள்: விட்டுட்டு குடிங்க.

இராஜாங்கம்: நேத்து மொதல்லயே குடுத்தியே?

நீலாம்பாள்: நேத்து குடுத்ததுதான் தப்பாப் போச்சு.

இராஜாங்கம்: என்ன தப்பு? நேத்துதான் முத ரவுண்டு நூல் புடிச்ச மாதிரி நேராப் போச்சு!

நீலாம்பாள்: ...டீ சூடா இல்லன்னு சொன்னேன். பொத்தான் எதுல இருக்கு?

இராஜாங்கம்: மேல தள்ளுனா ஜைரோ தூங்கிடும், நம்ம கைதான். நடுவுல வெச்சா, காத்து தள்ளுறத மட்டும் சமாளிச்சுக் குடுக்கும். கீழ வெச்சா, நாம கைய விட்டாலும் தானா சமத்துக்கு வந்துடும். கீழதான் வெச்சிருக்கேன்.

நீலாம்பாள்: அங்கயே கெடக்கட்டும். முப்பது வருசம் பஸ் ஓட்டுன கைன்னு மேல கீல தள்ளிடாதீங்க.

இராஜாங்கம்: தள்ளுனா என்ன?

நீலாம்பாள்: நொறுங்கிப் போவும். கைய விட்டா தானா சமத்துக்கு வர்றது எவ்ளோ நல்ல விசயம்! உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் ஒண்ணொண்ணு வாங்கி மாட்டணும்.

இராஜாங்கம்: ஆரம்பிச்சிட்டியா...

நீலாம்பாள்: ஆரம்பிக்காம? வியாழக்கிழமைக்கு இன்னும் ஆறே நாளு. திருக்கடையூர்ல மண்டபம் சொல்லியாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு. கும்மாணத்து டெய்லருக்குக் கூட பத்திரிகை வெச்சாச்சு. கூடப் பொறந்த ஒரே அண்ணன், அந்தா அடுத்த வயலு, அவருக்கு வெக்கல. நம்ம தலையில கலசத் தண்ணி ஊத்த டெய்லரா வருவாரு?

இராஜாங்கம்: அவரு கூப்புட்டு வந்த அறுப்பு மெஷினு என் வரப்ப நசுக்கிட்டுப் போச்சு. ஒரு வார்த்த கேட்டுட்டு விட்டிருக்கலாமேன்னேன். தப்பா?

நீலாம்பாள்: அதோட நிறுத்துனீங்களா? 'இனி உன் வயல்ல கால் வெக்க மாட்டேன்'னீங்க. அவரு, 'உன் வரப்ப மிதிச்சா நான் ரெங்கசாமி இல்ல'ன்னாரு. மெஷின்காரன் அடுத்த ஊருக்குப் போயிட்டான். நீங்க ரெண்டு பேரும் நாலு வருசமா அங்கயே நிக்கிறீங்க.

இராஜாங்கம்: விடு... பிளேன தூக்கு. வீசு!

நீலாம்பாள்: ஹ்ஹும்! எப்படி நம்ம வீச்சு?

இராஜாங்கம்: களத்துல நெல்லு தூத்துன கையாச்சே, கேக்கணுமா... ஏறுது பாரு, ஏறுது பாரு...

நீலாம்பாள்: தென்ன மரத்துக்கு மேல போயிட்டுதே! அட... இடது பக்கம் சாயுதுங்க.

இராஜாங்கம்: தெரியுது. வலது பக்கம் இழுக்குறேன். இழுத்தா வருது. விட்டா மறுபடி சாயுது.

நீலாம்பாள்: காத்து போலருக்கு.

இராஜாங்கம்: காத்தா? ஒரு தென்னங்கீத்து கூட அசையல.

நீலாம்பாள்: மேல அடிக்கும்... அய்யய்யோ, உங்க அண்ணன் வயலுக்குப் போயிட்டுது.

இராஜாங்கம்: இந்தா திருப்பிட்டேன்... திருப்பிட்டேன்... ம்ஹும்.

நீலாம்பாள்: உளுந்துல விழுந்துட்டுது.

இராஜாங்கம்: நாலாவது நாளு.

நீலாம்பாள்: மாமா நிக்கிறாரு பாருங்க.

இராஜாங்கம்: பாத்தேன்.

நீலாம்பாள்: முத நாளு எடுத்து வரப்புல வெச்சிட்டு, திரும்பிக் கூட பாக்காம போனாரு. ரெண்டாம் நாளு, 'றெக்கை விட்டுப் போயிருக்கு'ன்னு ஆகாசத்தப் பாத்து சொன்னாரு. நேத்து டேப்பு ஒட்டியே வெச்சிருந்தாரு.

இராஜாங்கம்: வயலுக்கு ஏது டேப்பு?

நீலாம்பாள்: அதான் எனக்கும் புரியல... என்னங்க, இன்னிக்கு வரப்புல வெக்கலயே. கையிலயே வெச்சுக்கிட்டு நிக்கிறாரு.

இராஜாங்கம்: வெப்பாரு, வெப்பாரு.

நீலாம்பாள்: வெக்க மாட்டாரு போலருக்கு. எந்திரிச்சுப் போங்க.

இராஜாங்கம்: எப்படிப் போறது? கால் வெக்க மாட்டேன்னு சொன்னவன்...

நீலாம்பாள்: வாய்தான சொல்லுச்சு, காலா சொல்லுச்சு?

இராஜாங்கம்: உனக்கு வெளயாட்டா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு நீலா. நான் போயி பத்திரிகைய நீட்டி, அவரு வேணாம்னுட்டாரு... அப்புறம் எந்த மொகத்த வெச்சுக்கிட்டு உனக்குத் தாலி கட்டுவேன்? அப்பா போனதுக்கப்புறம் எனக்கு அவருதான. முத தடவ நான் பஸ் எடுத்தப்ப, கண்டக்டர் சீட்டுகிட்ட நின்னுக்கிட்டே கும்மாணம் வரைக்கும் வந்தாரு.

நீலாம்பாள்: என்னங்க... வர்றாரு.

இராஜாங்கம்: எங்க?

நீலாம்பாள்: வரப்புகிட்ட வந்துட்டாரு... நின்னுட்டாரு.

இராஜாங்கம்: சொன்னேன்ல.

நீலாம்பாள்: இருங்க... வேட்டிய மடிச்சுக் கட்டுறாரு... தாண்டிட்டாரு! என்னங்க, தாண்டிட்டாரு!

ரெங்கசாமி: யாருய்யா இங்க டிரைவரு?

இராஜாங்கம்: ...வாங்கண்ணே.

ரெங்கசாமி: முப்பது வருசம் பஸ்ஸ வாய்க்கால்ல விடாம ஓட்டுனவன், இத தினம் எங்கிட்ட கொண்டாந்து கவுக்குறே. பூ வெச்ச செடி, நாலு முறிஞ்சு போச்சு. ஏன் இடது பக்கமே போவுது?

நீலாம்பாள்: காத்து மாமா.

இராஜாங்கம்: ஆமாண்ணே, காத்து.

ரெங்கசாமி: ம்... நம்பிட்டேன். ஏம்மா நீலா, மனுசன் வந்து நிக்கிறேன், ஒரு டீ உண்டா?

நீலாம்பாள்: இருக்கு மாமா, இந்தாங்க... பிளாஸ்க் மூடியில ஊத்தித் தர்றேன்... மூடி... மூடிய எங்க வெச்சேன்...

இராஜாங்கம்: அந்தா களத்துல கெடக்கு பாரு. வலது றெக்கைக்கு அடியில வெச்சியே.

ரெங்கசாமி: எதுக்கு அடியில?

இராஜாங்கம்: றெக்கைக்கு அடியிலண்ணே. வலது பக்கத்த அப்படித் தூக்கி வெச்சுட்டு பேட்டரிய மாட்டுனா, அந்தக் கோணலையே சமம்னு நெனச்சுக்கும் இது. அப்புறம் கைய விட்டா தானா இடது பக்கம் சாயும். நேரா உங்க உளுந்துலதான் எறங்கும்.

நீலாம்பாள்: உங்களுக்கு... எப்பலேருந்து தெரியும்?

இராஜாங்கம்: முத நாளே. டீ குடிக்கிறேன், மூடி மேலெல்லாம் களத்து மண்ணு.

நீலாம்பாள்: அடப் பாவி மனுசா! தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க? பொத்தான மேல தள்ளியிருந்தா நேராப் போயிருக்குமே!

இராஜாங்கம்: நேராப் போயி? அந்தப் பக்கம் எனக்கு யாரு இருக்கா? அண்ணே... இந்தாங்க பத்திரிகை, நாலு நாளா ரிமோட்டுப் பையிலயே கெடக்கு. தட்டு இல்ல, வெத்தல பாக்கு இல்ல, மன்னிச்சுக்குங்க. வியாழக்கிழம. நீங்களும் அண்ணியும் வந்து நிக்கணும்.

ரெங்கசாமி: குடு... கண்ணாடி இல்ல. கீழ யாரு பேரும்மா போட்டிருக்கு?

நீலாம்பாள்: உங்க பேருதான் மாமா. 'தங்கள் வரவை நாடும்'னு, மொத பேரே அதான்.

ரெங்கசாமி: என்னைய ஒரு வார்த்த கேக்காமலா போட்டான்?

இராஜாங்கம்: நீங்க கேட்டுட்டா மெஷின விட்டீங்க?

ரெங்கசாமி: ஏய்... ஹஹ்ஹா! வாயப் பாரு, வாயப் பாரு. கழுத, அப்படியே இருக்கான்.

நீலாம்பாள்: மறுபடி மொதல்லேருந்து போகாதீங்க சாமிகளா. இந்தாங்க மாமா, மூடிய தொடச்சுட்டேன், டீ. ஒண்ணு கேக்கவா? கோச்சுக்கக் கூடாது.

ரெங்கசாமி: கேளு.

நீலாம்பாள்: உளுந்து பனியிலயே வர்ற பயிரு. வெதைய தெளிச்சதோட சரி, தண்ணி பாய்ச்சுற வேல கூட இல்ல. தினம் இந்நேரத்துக்கு அந்த வயல்ல உங்களுக்கு என்ன ஜோலி? மடியில டேப்பு வேற?

ரெங்கசாமி: ...டீ நல்லாருக்கு.

இராஜாங்கம்: அண்ணே?

ரெங்கசாமி: என்ன ஜோலி... முத நாளு ஆட்ட ஓட்டிவிடத்தான் வந்தேன். இது விழுந்துச்சு. மறுநாள்லேருந்து நாலு மணிக்கே வந்து நின்னுடுறேன். இவந்தான் கால் வெக்க மாட்டானே, விழுறப்ப நானும் இல்லன்னா எடுத்துக் குடுக்க யாரு இருக்கா? நேத்து முத ரவுண்டு நேராப் போச்சு பாரு... டேப்ப கையில வெச்சுக்கிட்டு, அடப்பாவி, தம்பி ஓட்டக் கத்துக்கிட்டானேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சும்மா.