கெசியா நின்ற நிலை

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வகுப்பு கிடையாது. கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் கூடத்தின் தரையை ஈரத்துணியால் துடைப்பேன். முப்பது பேர் வெறுங்காலோடு நிற்கிற தரையை ஆசிரியர்தான் துடைக்க வேண்டும் என்பது என் கொள்கை. இன்றும் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை என்பது தெரியும், இன்ஸ்பெக்டர் அம்மா. சற்று முன் வாயால் சொன்னதை, நீங்கள் கேட்டுக்கொண்டபடி, இப்போது என் கையாலேயே எழுதித் தருகிறேன். உங்கள் கேள்விகளுக்கும் அங்கங்கே பதில் எழுதுகிறேன்.

என் பெயர் நேசையா. வயது ஐம்பத்தேழு. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில், முன்பு சரக்கு வைத்திருந்த ஒரு பழைய ஓட்டுக் கிட்டங்கியில் இருபத்தாறு வருடமாகக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். வாலிபத்தில் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். எஞ்சின் பழுதாகி எங்கள் கப்பல் ஜப்பானின் ஒக்கினாவாவில் பதினோரு மாதம் நின்றுவிட்டது. அங்கே கற்றதுதான் எனக்கு எல்லாம். கோப்பை, பதக்கம், போட்டி எதற்கும் என் மாணவர்கள் போவதில்லை. எங்களுக்கு இது விளையாட்டு அல்ல. எழுவது, நடப்பது, சாப்பிடுவது, கோபத்தை அடக்குவது எல்லாம் இதற்குள் வரும். நான் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. விசாரித்துக்கொள்ளலாம்.

கெசியா வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. இறந்தபோது முப்பத்தாறு. ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினேழு வருடத்தில் அவள் வராத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் மனைவி தவறியபோது நாற்பது நாள் கூடத்தை அவள்தான் நடத்தினாள். தினமும் சாயங்காலம் தூக்குச்சட்டியில் எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். எனக்கு மகள் இல்லை. இருந்திருந்தாலும் இந்த அளவு என்னை அறிந்திருப்பாள் என்று சொல்ல முடியாது.

சான்சின் என்றால் என்ன என்று கேட்டீர்கள். அது எங்கள் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான். மூன்று அடி முன்னே வைத்து, மூச்சை அடிவயிற்றில் இறக்கி, உடம்பை மரம்போல் இறுக்கி நிற்க வேண்டும். ஆசிரியர் பின்னால் நின்று தோளிலும் முதுகிலும் தொடையிலும் உள்ளங்கையால் அடித்துப் பார்ப்பார். எங்கே தளர்வு இருக்கிறது என்று அந்த அடிதான் சொல்லும். மாணவர் திரும்பக் கூடாது, தடுக்கக் கூடாது, கண்கூட அசையக் கூடாது. தை மாதத்தில் எல்லோரும் பாபநாசம் போய், ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இதைச் செய்வோம். அந்தக் குளிரிலும் கெசியாவின் தோளில் நடுக்கம் இருக்காது.

இனி நடராஜ் விஷயம். அவரும் என் மாணவர், கூடங்குளத்தில் ஒப்பந்த எலெக்ட்ரீஷியன். போன ஐப்பசியில் கறுப்புப் பட்டைத் தேர்வில் நின்றார். அவர் கவனம் வேறெங்கோ இருந்தது. ஒன்றுக்கு மூன்று முறை திருத்தினேன். நான்காவது முறை என் கை காதில் பட்டது. பட்டது என்று எழுதுகிறேன், வைத்தேன் என்பதுதான் சரி. இடது காது அதன்பின் கேட்கவில்லை. அவர் படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னவள் கெசியா. நான் சொல்லச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், சொன்னாள். நடராஜும் மறுக்கவில்லை. விசுவாசம் என்றால் அது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மாதம் கழித்து, போன வாரத்துக்கு முந்தின வாரம், நடராஜின் மனைவி அனுராதா கெசியாவைத் தேடிப் போயிருக்கிறாள். காது போனதால் அவருக்கு அந்த வேலையும் போய்விட்டது. நடராஜ் அவளிடமும் படியில் விழுந்ததாகவே சொல்லியிருந்தார்; உண்மையில் என்ன நடந்தது என்று கெசியாவிடம் கேட்டிருக்கிறாள். மறுநாளே கெசியா என்னிடம் வந்தாள். பட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தாள். கூடத்துச் சாவியையும் கொண்டுவந்திருந்தாள்.

"மாஸ்டர், நான் பொய் சொன்னது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது. நடந்ததை அவங்ககிட்ட சொல்லப் போறேன். ஸ்டேஷன்ல கேட்டாலும் சொல்லுவேன். ஒங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னுதான் மொதல்ல இங்க வந்தேன்."

"நான் என்ன செய்யணும்ங்கிறே?"

"நீங்களே போய்ச் சொல்லிருங்க மாஸ்டர். நானும் கூட வாரேன். பொய் சொன்னவ நாந்தானே."

"சொல்லாட்டா?"

"இனி எனக்கு இங்கன வேலையில்ல. பிள்ளையள இங்க அனுப்பாதியன்னு தாய்மார்ட்டயும் சொல்லுவேன்."

அழுதாள். நான் அழவில்லை. பதினேழு வருடம் ஒருத்தியை நிற்கக் கற்றுக்கொடுத்து, அவள் முதல் முறையாகத் தானாக நிற்கும்போது அது எனக்கு எதிராக இருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். யூதாஸாவது முத்தம் கொடுத்தான். இவள் சாவியைக் கொடுத்தாள்.

சரி என்றேன். அனுராதாவிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். விட்டுப் போகிறவர்கள் கடைசியாக ஒரு சான்சின் நின்று காட்டிவிட்டுப் போவது ஒக்கினாவா வழக்கம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வா என்றேன். அவள் முகம் தெளிந்தது. அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. அன்றைக்குத்தான் ஏற்படுத்தினேன்.

சனிக்கிழமை சரியாக வந்தாள். எனக்காக ஒரு பொட்டலம் ஓமப்பொடி வாங்கி வந்திருந்தாள். உடை மாற்றிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். கறுப்புப் பட்டை ஓரமெல்லாம் நைந்து வெள்ளையாகியிருந்தது. தொடங்கும் முன் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாஸ்டர், தோள்ல அடிங்க, முதுகுல அடிங்க. கழுத்துப் பக்கம் மட்டும் கை வரக் கூடாது. சரியா?"

சரி என்றேன். அவள் தலை வணங்கிவிட்டு முன்னால் திரும்பினாள்.

அதன்பின் நடந்ததை முதல் விசாரணையில் உங்களுக்கு வேறு மாதிரி சொன்னேன். பயிற்சியில் மயங்கி விழுந்தாள் என்றேன். அவளை ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், மூன்று நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததும் உண்மை. செவ்வாய்க்கிழமை உயிர் போனது. அடக்கத்தில் அவள் தாய் சாரம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல மாஸ்டர், அவளுக்கு நீங்கன்னா உசுரு" என்று சொன்னாள். அந்தக் கைகளை நான் இழுத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களிடம் அப்படிச் செய்யக் கூடாது.

பிறகு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்று உங்கள் ஏட்டையா அறிக்கையைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். அதில், பிரேதப் பரிசோதனையில் கண்டபடி, ஆசிரியரின் கை தவறிக் கழுத்தில் பட்டதால் என்று இருந்தது. வீட்டுக்குப் போய் அந்த வரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாக விடியுமுன் எழுந்து, கட்டையில் ஆயிரம் ஆயிரம் முறை குத்திப் பழக்கிய கை இது. அது தவறாது. அந்த வரியை அடித்துவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவள் மூன்றாவது அடி வைத்து மூச்சை முழுவதும் வெளியே விட்டபோது, வலது கையின் விளிம்பால், கழுத்தின் பக்கத்தில், ஒரே முறை அடித்தேன். கொல்வதற்காகத்தான் அடித்தேன். அந்த இடத்தை அவள் சொல்லும் முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

விழும்வரை அவள் கண் நேராகவே இருந்தது. எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லாத நிலை.

இதைச் சொன்னபோது, அவள் கடைசி நிமிடம்வரை உங்களை நம்பித்தானே நின்றாள் என்று கேட்டீர்கள். அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். நம்பியிருந்தால், அம்மா, என்னிடம் அப்படி ஒரு வாக்கு வாங்கியிருப்பாளா?