சிங்கம் தெரியும் மாதம்

"ஆடியில சிங்கம் நல்லாத் தெரியுமாம், அக்கா."

பரந்தனில் பஸ் ஏறிய இரு சகோதரிகள் எனக்கு முன்னால் இருந்தார்கள். தங்கையின் கணவர் கென்யாவில் ஆசிரியர் என்பது பேச்சில் தெரிந்தது. அவருடைய கடிதம் அவள் கையில் இருந்தது.

"அப்ப ஆடியில போ."

"பக்கத்து நாடு தங்கனீக்காவுக்குத் தைதான் திறமாம். உகண்டாவும் பாக்க வேணுமாம்."

"தையில அறுவடையெல்லே? ஆர் நிண்டு பாக்கிறது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. சித்திரையில எல்லா இடமும் ஒரே மழையாம்."

"அந்தாள் போய் மூண்டு வருசம். உன்னை எப்ப வரச் சொல்லுறார்?"

தங்கை கடிதத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். புளியங்குளம் வரும்வரை நிமிரவில்லை.

"மிருகங்கள் எப்ப வருமெண்டு எழுதியிருக்கிறார்," என்றாள். "என்னை வரச் சொல்லி ஓரிடத்திலயும் இல்லை, அக்கா."